உறுதியும் ஆட்சியும்: யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஊரவர் ஆவது எப்படி?

யாழ்ப்பாணத்துப் பத்திரிகையிலோ இணையத்திலோ வரும் மரண அறிவித்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வசனம் எப்போதும் ஒரே வார்ப்பு: “யாழ். வேலணை கிழக்கைப் பிறப்பிடமாகவும், கொக்குவிலை வசிப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட...” பெயர் வருமுன்னரே மூன்று இடம் வந்துவிடுகிறது. அதன்பின் “அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னார் தம்பதிகளின் அன்பு மருமகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்” என்று உறவு அடுக்கு. செய்த தொழில், இருந்தால், பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில்.

இரண்டாவது இடத்தைக் கவனியுங்கள். வேலணையில் பிறந்தவர் கொக்குவிலுக்கு ஏன் போனார்? பெரும்பாலும் கலியாணம். வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போவதால், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது யாழ்ப்பாணத்தில் பரவலான வழக்கம். அந்த ஒரு காற்புள்ளிக்குள் ஒரு கலியாணவீடு ஒளிந்திருக்கிறது. இருபத்தைந்து வருடம் கொக்குவிலில் இருந்து, அங்கத்தைக் கோயிலுக்குப் பொருளாளராகவும் இருந்திருப்பார். ஊரார் கதையில் அவர் கடைசிவரை ‘வேலணையார்’தான். பிள்ளைகள் கொக்குவிலார். ஸ்காபரோவில் போன முப்பது வருடம் வெறும் ‘வதிவிடம்’.

பண்பாட்டு அடையாளம் எதனால் ஆனது என்று கேட்டால் மொழி, மதம், உணவு, உடை என்று பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியலில் உள்ளதெல்லாம் இருந்தும் ஊரவராக ஏற்கப்படாதவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. பாதிகூட இல்லாமல் ஏற்கப்பட்டவர்களும் உண்டு. இதை விளங்கிக்கொள்ளக் காணி உறுதிகளில் புழங்கும் இரண்டு சொற்கள் உதவும். உறுதி என்பது பத்திரம்; இன்னாருக்கு உரியது என்று சொல்லும் எழுத்து. ஆட்சி என்பது அந்தக் காணியில் இருந்து, வேலி அடைத்து, கிணறு இறைத்து, மாங்காய் பிடுங்கி அனுபவிப்பது. உறுதி எழுதும் நொத்தாரிசுமார் உரித்தையும் ஆட்சியையும் சேர்த்தே எழுதுவார்கள். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் வழக்கில்லை. ஒன்று இருந்து மற்றது இல்லாதபோதுதான் கோட்டுக்குப் போவது. ஊரோடு ஒருவருக்குள்ள சொந்தமும் இதே இடத்தில்தான் இடறுகிறது.

ஐந்து கேள்வி

உறுதியைச் சரிபார்க்கும் வேலையை யாழ்ப்பாணத்தில் யாரும் செய்வார்கள். பஸ்சுக்குக் காத்துநிற்கும் ஒரு பெரியவருக்கும் ஒரு இளைஞனுக்கும் இடையில் இது இப்படிப் போகும்:

“தம்பி, நீர் எந்த ஊர்?”
“கோண்டாவில், ஐயா.”
“கோண்டாவில் எவடம்?”
“மேற்கு.”
“எந்தக் கோயிலடி?”
“...”
“எங்கை படிச்சனீர்?”
“...”
“ஆற்றை மகன் நீர்? அப்பா என்ன செய்தவர்?”

முதற்கேள்வி அன்பானது, பெரும்பாலும் கள்ளமில்லாதது. கேட்பவர் உங்கள் ஊரில் கலியாணம் முடித்த தன் மச்சாளைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார். இரண்டாவது ஊரைக் குறிச்சியாக உடைக்கிறது. குறிச்சிகள் பல இடங்களில் சாதிவழி அமைந்தவை என்பதால், மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததுமே கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். மீதி இரண்டும் உறுதிப்படுத்த. சாதி என்ற சொல் எங்கும் வராது. ஆனால் ஐந்தாவது பதிலுக்குப் பிறகு ‘நீர்’ என்பது ‘நீங்கள்’ ஆகும், அல்லது ‘நீ’ ஆகும். இந்தக் கேள்வி வரிசையை வாழ்நாள் முழுதும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எந்த இடத்தில் மழுப்ப வேண்டும் என்பதும் தெரியும். கோயிலைச் சொல்லாமல் சந்தியைச் சொல்வார்கள். குறிச்சியைச் சொல்லாமல் பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள்.

இப்படி மழுப்ப வேண்டியிருந்த ஒடுக்கப்பட்ட சாதியார், ஆட்சி இருந்து உறுதி மறுக்கப்பட்டவர்கள். தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் வேலை செய்தவர்கள், ஆனால் குடியிருந்தது பெரும்பாலும் வேறொருவர் காணியில். ஊர்க் கிணற்றில் அள்ள முடியாது, தேத்தண்ணிக் கடையில் உள்ளே இருக்க முடியாது, கோயில் வாசலுக்கு அப்பால் போக முடியாது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. அதற்குப் பதினொரு வருடம் கழித்தும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகத் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தார் வாசலில் போராட வேண்டியிருந்தது. ‘யாழ்ப்பாணத்துத் தமிழர்’ என்று ஒரு மொத்த அடையாளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கெதியாகப் புரட்டிவிடுவது வழக்கம். அடையாளம் என்பது மற்றவர்கள் கையொப்பம் வைக்க வேண்டிய பத்திரம் என்பது இந்தப் பக்கத்தில்தான் ஆகத் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொன்று: ஊருக்குள் ஒருவரும் ‘யாழ்ப்பாணத்தார்’ இல்லை. தீவகம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று முதலில் நான்கு. வலிகாமத்தார் வாயில் ‘தீவார்’ என்ற சொல்லுக்கு ஒரு தனித் தொனி உண்டு. தீவார் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புக்குப் போனால்தான் நால்வரும் ஒரே யாழ்ப்பாணத்தார் ஆகிறார்கள். சென்னையில் ‘சிலோன்காரர்’. ரொறன்ரோவில் ஈழத்தமிழர். எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து வட்டம் விரிகிறது, சுருங்குகிறது. அரசாங்கக் கணக்கில் வேறு வட்டம்: 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலாக இரண்டு நிரல் போட்டார்கள். பிறப்புச் சான்றிதழின் ‘இனம்’ என்ற கூட்டுக்குள் அந்தப் பிரிப்பு இன்றைக்கும் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்து வடக்கில் மூன்று தலைமுறையாக இருப்பவரும் தாளில் ‘இந்தியத் தமிழர்’ ஆகவே இருக்கலாம்.

சட்டம் கேட்கும் ‘எந்த ஊர்?’

பஸ் தரிப்பிடத்தில் கேட்ட கேள்வியை நீதிமன்றமும் கேட்கிறது. யாழ்ப்பாணத்துக்கென்று தேசவழமைச் சட்டம் இருப்பதே காரணம். ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக (பகுதி நிர்வாகியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706, 1707 இல் ஊர் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பினார்கள். ஆங்கிலேயர் 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்தின்பின் தேடியது) என்று ஆதனத்தை மூன்றாகப் பிரிப்பதும், பங்குக் காணியை விற்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்குச் சொல்லவேண்டும் என்ற விதியும், கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதும் (ஆம், இன்றும்) இதில் உள்ளவை.

இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் சுவையான விஷயம். எல்லாத் தமிழருக்கும் இல்லை. மட்டக்களப்புத் தமிழருக்கு இல்லை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கும் இல்லை. சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் ஒரேமாதிரிப் பொருந்தும். இது ஒரு இனத்தின் வழக்கமோ மதத்தின் வழக்கமோ அல்ல, ஒரு இடத்தின் வழக்கம் என்று 1913 இலேயே தீர்ப்பு வந்தது. ஆகவே கொழும்பில் இருபது வருடம் உத்தியோகம் பார்த்தவருடைய சொத்துப் பற்றி வழக்கு வந்தால், அவர் யாழ்ப்பாண வாசியா என்று நிறுவ வேண்டும். நிரந்தர வீடு எங்கே இருந்தது? வேலைக்காகப் போய் இருந்தாரா, குடிபெயர்ந்தே போனாரா? திரும்பி வரும் எண்ணம் இருந்ததா? நல்லது கெட்டதுக்கு எங்கே போனார்? மனத்தில் உள்ள ‘திரும்பும் எண்ணத்தை’ச் சாட்சிகளை வைத்து அளக்கப் பார்க்கும் சட்டம் இது.

பெண் விஷயத்தில் இதே சட்டம் குறுக்கு வழி எடுக்கிறது. 1911 இன் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் வெளியாளைக் கட்டினால் அந்தத் திருமணம் நீடிக்கும்வரை அவளுக்குத் தேசவழமை இல்லை. வெளிப்பெண் யாழ்ப்பாணத்தானைக் கட்டினால் அவளுக்கு அது வந்துவிடும். ஆணுக்கு இப்படி ஒன்றும் மாறுவதில்லை. வாழ்க்கையில் மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்குப் போகிறார். சட்டத்தில் பெண் மாப்பிள்ளையின் ஊருக்குப் போகிறாள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவர்களுக்கு 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு கதவு. வெளிநாட்டுப் பிரசை இலங்கையில் காணி வாங்கத் தடை. தாய்தகப்பன் காணி முதுசமாக இறங்கலாம். இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவருக்குத் தடையில்லை. ஊருக்கு வந்து, பக்கத்து வளவு விலைக்கு வருகிறதென்று முற்பணம் கொடுத்துவிட்டு நொத்தாரிசிடம் போன பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. தான் இந்த ஊர் என்று அறுபது வருடம் சொல்லிவந்தவர் நொத்தாரிசு மேசையில் ‘வெளிநாட்டவர்’ ஆகிறார்.

எல்லைக் கதியால் போன பிறகு

ஒரு காணி உறுதியை விரித்தால் இப்படி இருக்கும்: ‘புளியடிவளவு’ என்னும் காணி, 4 பரப்பு 9 குழி; கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் மகள் காணி, மேற்கு இன்னார் பங்கு, தெற்கு கோயில் ஆதனம்; கிணற்றில் நாலில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் உரிமையும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். காணிக்குப் பெயர் இருக்கிறது, எல்லை மற்ற மனிதரின் பெயரால் சொல்லப்படுகிறது, தண்ணீர் பங்காக இருக்கிறது. அயலவன் இல்லாமல் இந்தக் காணியை விவரிக்கவே முடியாது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பியபோது அயலும் சேர்ந்தே எழும்பியது. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை எல்லாம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆகின. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் விடுபட்டது, 27 வருடம். கோணப்புலம் போன்ற முகாம்களில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்த பிள்ளைகளிடம் எந்த ஊர் என்று கேட்டால் மயிலிட்டி என்றார்கள். கால் வைத்திராத ஊர். முகாமில் கடைசிவரை இருந்தவர்களில் பலருக்குச் சொந்தக் காணியும் கிடையாது. ஊரே முழு உறுதியாகவும் இருந்தது.

காணி விடுபட்டு உள்ளே போனவர்களுக்கு முதற்சிக்கல் தங்கள் காணி எது என்பதே. வீடு இடிந்து புல்டோசர் ஓடியிருந்தது. ஒழுங்கை மறைந்துவிட்டது. எல்லையைக் காட்ட வேலியில் நட்ட உயிர்க்கம்புகளான பூவரசுக் கதியாலும் கிளுவைக் கதியாலும் ஒன்றில் பட்டுப்போயின, இல்லாவிட்டால் பற்றைக்குள் மரமாகிவிட்டன. அப்போது கைகொடுத்தது பெரும்பாலும் கிணறு. தூர்ந்துபோனாலும் கட்டு எங்கேயோ தெரியும். கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பழைய நில அளவைப் படத்தின்படி அளந்து, பக்கத்துக் காணிக்காரர் நாலு பேரையும் கூட்டி நிறுத்தி ஒத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். ஒருவர் பிரான்சில் இருந்தால் அந்தப் பக்க எல்லை அந்தரத்தில். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அதற்கும் பழைய உறுதி இலக்கமோ பதிவுப் பக்கமோ தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்தில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருந்தது. 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடம் தடையின்றி ஒருவர் காணியை ஆண்டால் உறுதி இல்லாமலே அது அவருடையதாகலாம். போருக்கு ஓடியவன் வளவில் பத்து வருடம் குந்தியிருந்தவன் அதைச் சொந்தம் என்று சொல்லலாமா? 2016 இன் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் இடம்பெயர்ந்து வழக்குப் போட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்றது. இல்லாமற்போனது விட்டுப்போனதாகாது. சட்டம் அதைச் சொல்லக் கனகாலம் எடுத்தது.

வடக்கு முஸ்லிம்களுக்கு இது இன்னும் கடுமையான கணக்கு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசம். வடக்கு முழுவதிலும் ஏறக்குறைய 75,000 பேர். வீட்டில் தமிழ், பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு, பள்ளிக்கூடம் ஒஸ்மானியா, தெரு சோனகத்தெரு. பட்டியலில் உள்ளதெல்லாம் இருந்தது. புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள் அங்கே ‘அகதி’, யாழ்ப்பாணத்துக்கு வந்தால் ‘புத்தளத்தில் இருந்து வந்த ஆக்கள்’. ஊரைவிட்டு அனுப்பியவர்களும் அனுப்பும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பேசியது அதே தமிழ்தான்.

உங்கை, உது, கொப்பர்

பேச்சு ஒரு வசதியான சான்றிதழ். வாய் திறந்தால் போதும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் மூன்று சுட்டு உண்டு: இது என் பக்கம், அது இருவருக்கும் தூரம், உது உன் பக்கம். தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. தமிழகப் பேச்சில் உகரம் போய்விட்டது, இங்கே அன்றாடம் புழங்குகிறது. மானிப்பாயில் இருந்து அம்மம்மா தொலைபேசியில் “உங்கை இப்ப குளிரோ?” என்று கேட்கும்போது அந்த ‘உங்கை’ ஒஸ்லோவைக் குறிக்கிறது. ‘அங்கே’ என்றால் தூரம். ‘உங்கை’ என்றால் நீ இருக்கிற இடம். கடல் கடந்த உறவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைப் புதிதாகச் செய்திருக்க முடியாது.

உறவுச் சொல்லும் அப்படியே. என் தகப்பன் அப்பா. உன் தகப்பன் கொப்பர். அவன் தகப்பன் தேப்பன். எந்தை, நுந்தை, தந்தை என்று பழைய தமிழில் இருந்த முறையின் மிச்சம். தகப்பன் என்ற சொல் தனியாக நிற்பதில்லை, யாருடைய தகப்பன் என்பது உள்ளேயே இருக்கிறது. புலம்பெயர்ந்த வீடுகளில் முதலில் போவது இந்த நுணுக்கந்தான். மாமாவின் பிள்ளை மச்சான், மச்சாள். சித்தப்பாவின் பிள்ளை தம்பி, தங்கச்சி. எல்லாரும் ‘கசின்’ ஆகி, எல்லா மாமிமாரும் ‘அன்ரி’ ஆனபின், யாரோடு பகிடி விடலாம், யாருக்கு எழும்பி நிற்கவேண்டும் என்ற வரைபடமும் சேர்ந்து அழிகிறது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. புத்தகம் ‘நான் செல்கிறேன்’ என்று படிப்பிக்கிறது. அம்மம்மா ‘நான் போறன்’ என்கிறார். பிள்ளை படித்ததைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். அம்மம்மா சொன்னதைச் சொன்னால் வகுப்பில் திருத்துகிறார்கள். பத்து வயதில் பிள்ளை ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ மாறிவிடுகிறது. அது மொழியை மறந்ததால் நடப்பதில்லை, சிரிப்புக்குப் பயந்து நடக்கிறது. எழுத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இதில் பாதி குறையும். சென்னைப் படம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் குழப்பம்: யாழ்ப்பாணத்தில் ‘அம்மா பேசினவ’ என்றால் ஏசினார் என்று அர்த்தம்; பேசுவதற்குச் சொல் ‘கதைக்கிறது’. எழுத்திலும் பிரிவு உண்டு. அவர்களுக்கு டீச்சர், டொராண்டோ. எங்களுக்கு ரீச்சர், ரொறன்ரோ.

‘எங்கட’ சொற்கள் என்று பெருமைப்படுவதில் எத்தனை வந்தேறிகள் என்று பார்ப்பது நல்ல பகிடி. கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண், குசினி எல்லாம் போர்த்துக்கேயம். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்து. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள்; இராச்சியம் போனது, கதிரை தங்கியது. பல தலைமுறை ஆண்டு அனுபவித்ததால் வந்த உரித்து.

தூளும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கறியை அடையாளம் காட்டுவது வறுத்து அரைத்த தூள். அதன் உயிரான மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. வீட்டுக்கு வீடு அளவு மாறும். செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் கால் கிலோ, மிளகும் நற்சீரகமும் 100 கிராம் வீதம், வெந்தயம் 50 கிராம், மஞ்சள் கொஞ்சம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி என்பது பலர் ஒத்துக்கொள்ளும் ஒரு கணக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்கவேண்டும். வெந்தயம் ஒரு நிமிடம் கூடினால் முழுத் தூளும் கைக்கும். மிளகாய் கருகினால் நிறம் போய் இருமல்தான் மிச்சம். வறுத்த சூட்டோடு போத்தலில் அடைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இலண்டன் தொடர்மாடியில் மிளகாய் வறுத்தால் புகை எச்சரிக்கை மணி அடித்து முழுக் கட்டடமும் கீழே இறங்கும். ஆகவேதான் ஊரிலிருந்து வருகிறவரின் பெட்டியில் இரண்டு கிலோ தூள், அதுவும் ‘எங்கட மாமி வறுத்தது’. கடைத் தூளில் காரம் உண்டு, மாமி இல்லை.

காளாஞ்சி யாருக்கு?

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு குறிச்சியாருக்கோ உரியது. நல்லூரில் 25 நாள்; ஊர்க் கோயில்களில் பத்து, பன்னிரண்டு, பதினைந்து. திருவிழாவுக்கு முன்னர் அச்சடிக்கும் விஞ்ஞாபனத்தில் எந்த நாள் எவர் உபயம் என்று பெயர் வரும். ஊரில் யார் யார் ‘ஆக்கள்’ என்பதற்கு வருடா வருடம் புதுப்பிக்கும் பதிவேடு இதுவே. பூ, சாத்துப்படி, மேளம், குருக்கள் தட்சணை, அன்னதானம் என்று அன்றைய செலவு உபயகாரருக்கு. பூசை முடிய காளாஞ்சி என்னும் பிரசாதத் தட்டைக் கொடுத்து மரியாதை செய்வார்கள்.

இப்போது பல விஞ்ஞாபனங்களில் உபயகாரர் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் இருக்கிறது. காசு கனடாவில் இருந்து வரும். பந்தலில் நின்று வேலை செய்வது ஊரில் மிஞ்சிய தம்பி. சச்சரவு காசில் வருவதில்லை, காளாஞ்சியில் வருகிறது. உறுதி வைத்திருப்பவரும் ஆட்சி செய்பவரும் வேறு வேறு ஆளாகிவிட்டார்கள், தட்டு ஒன்றுதான். விவரமான குடும்பங்கள் இதை முன்கூட்டியே பேசி, வருடம் மாறி வருடம் ஒவ்வொரு கிளைக்கு என்று எழுதிவைக்கின்றன. எழுதாத இடத்தில் பெட்டகம் திறக்கும் சாவிவரை வழக்குப் போகும்.

வெளிநாட்டில் பிறந்த தலைமுறைக்கு உபயம் எட்டாது. அவர்களுக்கு வேறொன்று கொடுக்கப்பட்டது, பரதநாட்டிய அரங்கேற்றம். யாழ்ப்பாணத்து மண்ணில் இராக்காலம் முழுக்க ஆடிய நாட்டுக்கூத்து ஏன் ரொறன்ரோவுக்குப் போகவில்லை? குருநகரிலும் பாசையூரிலும் கத்தோலிக்கர் இன்றும் ஆடுகிறார்கள், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் ஈழத்துக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். காரணம் எளிது. கூத்து ஊருக்கும் சாதிக்கும் அண்ணாவியாருக்கும் கட்டுப்பட்டது. பரதத்துக்குப் பாடத்திட்டம், தரம், பரீட்சை, சான்றிதழ் இருக்கிறது. பெட்டியில் வைத்துக் கொண்டுபோகக்கூடியது எதுவோ அது அடையாளமாகிறது. அதனால் ஈழத்துப் பிள்ளை தன் வேரைக் காட்டச் சென்னையில் உருத்திரண்ட ஒரு கலையை ஆடுகிறது. இதில் பிழை காண ஒன்றுமில்லை. வேர் என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

உரித்து என்ற சொல் யாழ்ப்பாணத்தில் காணிக்கும் உறவுக்கும் ஒன்றுதான். செத்தவீட்டில் அது வேலையாகப் பிரியும். உரித்துக்காரர் வாய்க்கரிசி போடவேண்டும். திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கவேண்டும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துப் பிரேதத்தைச் சுற்றவேண்டும். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது முறை. வீசா கிடைக்காத மகனுக்காகப் பெறாமகன் (சகோதரர் பிள்ளை) வைக்கிறான்; மகன் நேரலையில் பார்க்கிறான். பந்தம் பிடிக்க வந்த எட்டு வயதுப் பேத்திக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் மெழுகுதிரிபோலப் பிடிக்காமல் எப்படிச் சரித்துப் பிடிப்பது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று ஒருவர் கை பிடித்துக் காட்டிவிட்டால், அவளுக்கு அங்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. பார்வையாளராக நாற்காலியில் இருத்திவைத்த பிள்ளைக்கு அது இல்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் ‘கல்வெட்டு’ என்று ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள்: தேவாரம், இறந்தவர் வரலாறு, ஊரின் பெருமை, கடைசிப் பக்கங்களில் வம்சாவளி. 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன. வம்சாவளி மரத்தை வரைய உட்காரும்போதுதான் எந்தக் கிளையின் பெயர் எவருக்கும் தெரியாது என்பது வெளிக்கும். ஊரில் கேட்டுக் கலியாணம் முடிக்காதவர், வேறு சாதியில் முடித்தவர், கொழும்பில் சிங்களப் பெண்ணைக் கட்டியவர்: அந்தக் கிளை முன்னர் வெட்டி விடப்பட்டிருக்கும். அண்மைக்காலக் கல்வெட்டுகளில் அவை திரும்ப ஒட்டப்படுகின்றன. பேரப்பிள்ளைகள் முகநூலில் ஒருவரையொருவர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதால், மறைத்துப் பயனில்லை.

மரண அறிவித்தலின் அடியில் ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று இருக்கும். அதன் கீழே தொடர்புக்கு: மகன், கனடா; மகள், பிரான்ஸ்; மருமகன், சுவிஸ்; பெறாமகன், இலங்கை. ஊர்ச்சனம் விசாரிக்க அழைப்பது அந்தக் கடைசி இலக்கத்துக்கு. பந்தலுக்குச் சொல்லி, ஐயரைப் பிடித்து, அறிவித்தலில் பெயர் வரிசை பிழைக்காமல் மூன்றுதரம் சரிபார்த்தவனும் அவனே.